நட்பிற் கனிந்த காதல்

இன்று ஆங்கிலத்தில் வளர்ந்தோர்க்கென எழுதப்படும் காதல் நாவல்களை வாசகர்கள் கதைப்போக்கினைக் கொண்டு பல வகையாகப் பிரித்துக்கொள்கின்றனர். பகைவராயிருந்தோர் காதலராவது ஒரு வகை. பிரிந்து போனவர் பல்லாண்டு கழித்து மீண்டும் கூடுவது மற்றொரு வகை. ஊரார் கண்ணுக்காகக் காதலர்போல நடிக்கத் தொடங்கியவர்கள் மெய்யாகவே காதல்கொள்வது இன்னுமொரு வகை. நெடுநாள் நண்பராயிருந்த ஆணும் பெண்ணும் காதலராக மாறுங் கதை இவற்றுள் பெருஞ் செல்வாக்குப் பெற்றதொன்றாகும். இக்கதையிலே பெரும்பாலும் வெளியிலிருந்து தடைசெய்வார் எவருமிலர். தந்தை மறுப்பதில்லை, செல்வம் குறுக்கிடுவதில்லை, கடலும் மலையும் பிரிப்பதில்லை. இருவரும் நாள்தோறும் பேசிப் பழகுகின்றனர். எனினும், உள்ளத்திலுள்ளதை ஒருவர் வாய்விட்டுச் சொல்ல, மற்றவர் அதனை ஏற்காது விட்டால், இத்தனை காலமும் இருந்த நட்பும் போய்விடுமே என்னும் அச்சம் இருவரது நாவையும் கட்டிவிடுகின்றது. அந்த அச்சமே இக்கதைக்கு உயிர்.

இத்தகைய கதை அண்மைக் காலத்துக் கல்லூரி வாழ்வும் அலுவலக வாழ்வும் தந்த புதுச்சரக்கு என்று எண்ணுவாருளர். ஆயின் இதன் வேர் 200 ஆண்டுகளுக்கும் அப்பாற் செல்கின்றது. கணவனும் மனைவியும் ஒருவர்க்கொருவர் நண்பராயிருத்தல் கூடுமா என்னும் வினா ஐரோப்பாவில் நெடுங்காலமாக வாதிக்கப்பட்டு வந்தது. அவ்வினாவுக்குக் கூடும் என்று விடை சொல்ல முயன்ற எழுத்தாளர்களே இக்கதைமுறையினைப் படிப்படியாக உருவாக்கினர். ஆதலால் இதன் வரலாறு ஒரு பொழுதுபோக்கின் வரலாறாக மட்டும் அமையாது, திருமணம் என்னும் உறவின் வரலாறாகவும் அமைகின்றது.

நட்புக்கு வேண்டப்படுவது சமநிலை. ஒருவர் ஆள மற்றவர் பணிந்து நிற்குமிடத்தில் அன்பு இருக்கலாம், நன்றி இருக்கலாம். முழுமையான நட்பு இருத்தல் அரிது. கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் தமது ஒழுக்கவியல் நூலில் நட்பினை விரிவாக ஆராய்ந்தார். கணவன் மனைவியரிடையேயும் நட்பு உண்டென்பதை அவர் ஒப்புக்கொண்டார். ஆயினும் தந்தைக்கும் மகனுக்கும், ஆள்வோனுக்கும் ஆளப்படுவோனுக்கும் இடையிலுள்ள நட்பைப் போல அதனையும் ஏற்றத்தாழ்வுள்ள நட்பு வகையிற் சேர்த்தார். பிரெஞ்சு நாட்டு மொன்டேன் 1580 இல் வெளியிட்ட தமது கட்டுரைகளில் இன்னும் ஒருபடி மேலே சென்றார். 1563 இல் இறந்துபோன தம் ஆருயிர் நண்பரை நினைந்து அவர் எழுதிய நட்புப் பற்றிய கட்டுரை உலகப் புகழ் வாய்ந்தது. அத்துணை இறுக்கமான பிணைப்பைத் தாங்கும் உறுதி பெண்களின் உள்ளத்துக்கு இல்லை என்றும், திருமணமோ நட்புக்குரிய சுதந்திரம் இல்லாத ஓர் ஒப்பந்தமே என்றும் அக்கட்டுரையில் அவர் கருத்துரைத்தார். அக்கால அறிஞருலகிலே இது புதுமையான கருத்தன்று.

ஆங்கிலக் கவிஞர் மில்டன் 1642 இல் மணம் முடித்தார். மணமகள் சில வாரங்களிலே தன் பெற்றோர் வீட்டுக்குச் சென்று, நெடுநாள் திரும்பி வராதிருந்தாள். அடுத்த ஆண்டிலேயே மணவிலக்குப் பற்றி அவர் ஒரு நூல் வெளியிட்டார். திருமணத்தின் தலையாய பயன் இரு உள்ளங்கள் கலந்து உரையாடி மகிழ்தலே என்றும், அஃதில்லாத மணவாழ்வு வெறுங்கூடு என்றும் அந்நூலில் அவர் வாதித்தார். ஆயினும் ஆணே பெண்ணுக்கு மேலானவன் என்னும் எண்ணத்தை அவரும் விட்டாரில்லை. உரையாடலுக்குத் துணை வேண்டும். அத்துணை சமமாக மட்டும் இருத்தலாகாது என்னும் முரண்பாட்டிலே அவர் வாதம் நின்றுவிட்டது.

சட்டமும் அவ்வாறே நின்றது. 1765 முதல் வெளிவந்த பிளாக்ஸ்டனின் ஆங்கிலச் சட்ட விளக்கவுரை, மணமுடித்த ஆணும் பெண்ணும் சட்டத்தின் முன் ஒரே ஆள் என்று கூறியது. அந்த ஒரே ஆள் கணவனே. மனைவியின் கையிலுள்ள பணமும் பண்டமும் கணவனுடையன ஆயின. அவள் உழைத்துப் பெறும் ஊதியமும் அவனுக்கே உரியதாயிற்று. தன் பெயரில் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளவும் அவளுக்கு உரிமையில்லை. இந்நிலையில் மனைவி கணவனுக்கு நண்பியாவது எங்ஙனம்?

18 ஆம் நூற்றாண்டின் ஆங்கில நாவல்கள் இந்த நிலையையே பிரதிபலித்தன. றிச்சட்சன் எழுதி 1740 இல் வெளிவந்த 'பமேலா' என்னும் நாவலிலே கதைத்தலைவி ஒரு பணிப்பெண். கதைத்தலைவன் அவளது எசமான். அவன் அவளைத் துரத்துகின்றான், அடைத்து வைக்கின்றான், அவளோ தன் கற்பைக் காத்து இறுதியில் அவனுக்கே மனைவியாகின்றாள். அவரே எழுதிய 'கிளரிசா'வில் அத்தகைய துரத்தல் கதைத்தலைவியின் சாவில் முடிகின்றது. ஆண் வேட்டுவன், பெண் மான் என்பதே அக்கதைகளின் அமைப்பு. வேட்டுவனும் மானும் அமர்ந்து உரையாடுவதற்கு அங்கே இடமில்லை.

இந்த அமைப்பை வெளிப்படையாக எதிர்த்தவர்களுள் முதன்மையானவர் மேரி வுல்ஸ்டன்கிராப்ட் என்னும் அம்மையார். 1792 இல் வெளிவந்த பெண்ணுரிமை பற்றிய அவரது நூல், பெண்களுக்கு அறிவுக்கல்வி வேண்டும் என்பதை வற்புறுத்தியது. அவர் கூறிய காரணம் ஈண்டு கருதத்தக்கது. காதல் வேட்கை நிலையற்றது. இயல்பாகவே அது தணிந்துவிடும். தணிந்தபின் நட்பு அவ்விடத்தை நிரப்பாவிடின் அங்கே அலட்சியமே குடிபுகும். நட்போ மதிப்பை அடிப்படையாகக் கொண்டது. அறிவை வளர்க்கவிடாது, ஆணை மயக்குவதற்கு மட்டுமே பயிற்றப்பட்ட பெண்ணை அவள் கணவன் எப்படி மதிக்க முடியும் என்று அம்மையார் வினவினார். மனைவியை நண்பியாகப் பெற விரும்பும் சமுதாயம் அவளைச் சமமாக வளர்த்தல் வேண்டும் என்பதே அவர் வாதத்தின் சாரம்.

அம்மையாரின் வாழ்வும் அவ்வாதத்துக்கு ஓர் எடுத்துக்காட்டாயிற்று. அரசியற் சிந்தனையாளரான வில்லியம் கொட்வினை அவர் முதன்முதற் சந்தித்தது 1791 இல், ஒரு நூல் வெளியீட்டாளர் வீட்டு விருந்தில். அன்று இருவருக்கும் ஒருவரையொருவர் பிடிக்கவில்லை. 1796 இல் மீண்டும் சந்தித்தபோது நட்பு முளைத்தது. அந்நட்பு அவ்வாண்டிலேயே காதலாகக் கனிந்தது. இருவரில் எவர் முதலிற் காதலித்தார், எவர் பின்தொடர்ந்தார் என்று பிரித்துச் சொல்ல இயலாதபடி அது சமமாகவே வளர்ந்தது எனக் கொட்வின் பின்னர் எழுதினார். 1797 மார்ச்சு மாதத்தில் இலண்டன் சென் பாங்கிராஸ் ஆலயத்தில் அவர்கள் மணம் புரிந்தனர். மணத்தின் பின்னும் கொட்வின் எழுத்து வேலைக்கெனச் சற்றுத் தொலைவிலே தனியறை ஒன்றை வாடகைக்கு வைத்திருந்தார். பகலெல்லாம் இருவரும் சிறு கடிதங்கள் அனுப்பி அளவளாவினர். இவ்வாழ்வு நீடிக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டு 30 ஆந் திகதி ஒரு பெண் மகவைப் பெற்ற அம்மையார், பதினொரு நாள் கழித்து செப்டெம்பர் 10 ஆந் திகதி பிரசவ நோயால் இறந்தார். அந்தக் குழந்தையே பிற்காலத்தில் 'பிராங்கன்ஸ்டைன்' நாவலை எழுதிய மேரி ஷெல்லி.

வுல்ஸ்டன்கிராப்ட் வாதமாகக் கூறியதை, வாதம் என்று தோன்றாதவாறு கதையாக்கிக் காட்டியவர் ஜேன் ஒஸ்டின். அவரது 'எம்மா' நாவல் 1815 டிசம்பரில் வெளிவந்தது. எம்மா 20 வயது நிரம்பிய செல்வக்குமாரி. அவளுக்கு 30,000 பவுண் சொத்துண்டு. ஆகவே வயிற்றுப்பாட்டுக்காக மணம் முடிக்கவேண்டிய கட்டாயம் அவளுக்கில்லை; தான் மணமே செய்யப்போவதில்லை என்று அவள் கூறுகின்றாள். அண்டையிலே வாழும் நைட்லி என்பவர் அவள் தமக்கை கணவனின் அண்ணன். அவளைவிட 16 ஆண்டு மூத்தவர். எம்மாவைச் சிறுமியாயிருந்த காலந்தொட்டு அறிந்தவர். ஊரார் எல்லாரும் அவளைப் புகழ, அவள் குறையை அவள் முகத்துக்கு நேரே சொல்பவர் அவர் ஒருவரே. எம்மாவும் சளைத்தவளல்லள். எதிர்வாதம் புரிவாள், சில வேளை வெல்லவுஞ் செய்வாள்.

நட்பிலிருந்து காதலுக்குச் செல்லும் பாதையை ஒஸ்டின் சிறு சிறு நிகழ்ச்சிகளாற் காட்டுகின்றார். ஒரு நடன விருந்திலே எம்மாவின் தோழி ஹரியெட்டோடு ஆட ஒருவன் மறுத்து அவளை அவமதிக்கின்றான். வழக்கமாக நடனமாடாத நைட்லி எழுந்து சென்று அந்தப் பெண்ணைத் தம்மோடு ஆட அழைக்கின்றார். எம்மாவின் உள்ளம் நிறைகின்றது. பின்னர் தாங்கள் இருவரும் உண்மையில் அண்ணன் தங்கையர் அல்லரே, சேர்ந்து ஆடலாமே என்று அவள் கூற, அல்லவே அல்ல என்று அவர் அழுத்திச் சொல்கின்றார். அதுவரை உறவினர் என்னும் போர்வையில் மறைந்திருந்த ஒன்று அங்கே வெளித்தெரிகின்றது. இன்னொரு நாள், பொக்ஸ் மலைக்கு உல்லாசப் பயணம் சென்றவிடத்தில், வறுமையில் வாடும் மிஸ் பேற்ஸ் என்னும் மணமாகாத பெண்ணை எம்மா பலர் முன்னிலையிற் கேலி செய்துவிடுகின்றாள். நைட்லி அவளைத் தனியே கண்டு கடிகின்றார். அவள் வீடு செல்லும் வழியெல்லாம் அழுகின்றாள். புகழ்ந்துரைக்கும் காதலர் பலர் தரமுடியாத ஒன்றை, உண்மையை, நண்பர் தருகின்றார்.

இறுதியிலே காதலை வெளியிடுமிடந்தான் இக்கதைமுறை முழுமைக்கும் வித்து எனலாம். தோட்டத்தில் இருவரும் உலாவுகின்றனர். நைட்லி வேறொருத்தியை விரும்புவதாக எம்மா தவறாக எண்ணியிருக்கின்றாள். அவர் ஏதோ சொல்லத் தொடங்க, கேட்க அஞ்சித் தடுத்துவிடுகின்றாள். பின்னர் தன் நண்பரை இவ்வாறு வருத்துவது முறையன்றென எண்ணி, தன் வேதனையை அடக்கிக்கொண்டு, ஒரு நண்பி என்ற முறையில் எதுவாயினும் கேட்பேன் என்கின்றாள். அந்த நண்பி என்னும் சொல்லிலேதான் நைட்லி தடுமாறுகின்றார். அதுவே அவருக்கு ஆறுதலாகவும் தடையாகவும் தோன்றுகின்றது. நட்பு அன்பிற்கு அடித்தளமாக இருப்பதோடு, அன்பைச் சொல்லவிடாத பூட்டாகவும் ஆகக்கூடும் என்பதை 1815 இலேயே ஒஸ்டின் அந்த ஒரு சொல்லில் வைத்துக் காட்டிவிட்டார். மணமுடிந்தபின் எம்மா கணவன் வீடு செல்லவில்லை; அவளது முதிய தந்தை தனித்துவிடக் கூடாதென்று நைட்லியே தம் மாளிகையை விட்டு அவள் வீட்டுக்கு வந்து வாழ்கின்றார். அக்கால ஆங்கிலப் பிரபுக் குடும்பங்களில் இது எளிதில் நடக்கக்கூடிய காரியமன்று.

எம்மாவுக்குச் சமநிலையைத் தந்தது அவளுடைய செல்வம். அச்செல்வம் இல்லாத பெண்ணின் நிலை என்ன? மிஸ் பேற்ஸ் அந்நாவலிலேயே இருக்கின்றாள். ஆகவே தனித்த ஒருவரின் நற்குணத்தால் மட்டும் சமநிலை வந்துவிடாது, சட்டமும் மாறவேண்டும். இதனைத் தம் வாழ்விலும் எழுத்திலும் காட்டியவர் ஜோன் ஸ்டுவர்ட் மில். 1830 இல் அவர் ஹரியெட் டெய்லர் என்னும் அம்மையாரைச் சந்தித்தார். ஹரியெட் ஏற்கனவே மணமானவர். இருவரிடையேயும் அறிவு சார்ந்த ஆழ்ந்த நட்பு 20 ஆண்டுக்கு மேலாக நிலவியது. அதனால் ஊர்ப்பழியும் வந்தது. ஹரியெட்டின் கணவர் 1849 இல் இறந்தார். 1851 இல் மில்லும் ஹரியெட்டும் மணம் புரிந்தனர். மணத்திற்கு முன்னரே, சட்டம் கணவனுக்குத் தரும் அதிகாரங்களைத் தாம் முறையற்றனவாகக் கருதுவதாகவும், அவற்றை ஒருபோதும் பயன்படுத்துவதில்லை என்றும் மில் எழுத்தில் உறுதி அளித்தார். 1867 இல் பாராளுமன்றத்திலே பெண்களுக்கு வாக்குரிமை கோரினார். 1869 இல் பெண்களின் அடிமைநிலை பற்றிய நூலை வெளியிட்டார். சமமான இருவர் ஒருவரிடமிருந்தொருவர் கற்றுக்கொண்டு வாழும் நட்பே உண்மையான திருமணம் என்பது அந்நூலின் முடிவு. 1870 இலும் 1882 இலும் நிறைவேறிய சட்டங்களாலேயே மணமான ஆங்கிலப் பெண்கள் தம் ஊதியத்துக்கும் சொத்துக்கும் உரியவராயினர்.

மில்லின் நூல் வெளிவந்த அதே 1869 இல், அமெரிக்காவிலே 'லிட்டில் விமன்' என்னும் நாவலின் இரண்டாம் பாகம் வெளிவந்தது. அதனை எழுதியவர் லூயிசா மே அல்கொட். அதன் நாயகி ஜோ என்பவளும் அண்டைவீட்டு இளைஞன் லோரியும் இணைபிரியா நண்பர்கள். முதலாம் பாகம் 1868 இல் வெளிவந்ததும் வாசகிகள் பலர் ஆசிரியைக்குக் கடிதம் எழுதி, சகோதரிகள் எவரெவரை மணப்பர் என்று கேட்டனர். ஜோ லோரியை மணக்கவேண்டுமென்பதே அவர்கள் பேராவல். மணமுடித்தல் ஒன்றே பெண் வாழ்வின் இலக்கா என்று அல்கொட் தமது நாட்குறிப்பிற் சலித்துக்கொண்டார். எவரை மகிழ்விப்பதற்கும் ஜோவை லோரிக்கு மணமுடித்து வைக்கப்போவதில்லை என்றும் அதிற் குறித்தார். சொன்னபடியே செய்தார். லோரி தன் காதலைச் சொல்ல, ஜோ கண்ணீரோடு மறுக்கின்றாள். அவள் அவனை நேசிக்கின்றாள். அது காதலன்று என்பதை அவள் அறிவாள். பின்னர் அவன் அவள் தங்கையை மணக்கின்றான்.

இந்த மறுப்பு 150 ஆண்டுகளுக்கு மேலாக வாசகரை வருத்தி வந்துள்ளது. எனினும் இதிலே ஓர் உண்மை உண்டு. ஆணும் பெண்ணும் கொள்ளும் நட்பெல்லாம் காதலில்தான் முடியவேண்டுமென்றால், நட்பு என்பது காதலின் வாயிற்படி மட்டுமே ஆகிவிடும். தனக்கெனப் பெறுமதி இல்லாததாகிவிடும். வுல்ஸ்டன்கிராப்ட் நட்பைக் காதலினும் உயர்ந்ததாகக் கொண்டார். அல்கொட் அந்நட்பு நட்பாகவே நிற்கும் உரிமையைக் காத்தார். மணமின்றியே வாழ்ந்து, பேனாவினால் தம் குடும்பத்தைக் காத்த அல்கொட்டுக்கு அது வெறுங் கதைச் சிக்கலன்று.

இங்கிலாந்திலே தோமஸ் ஹார்டி இதே பொருளை வேறொரு கோணத்தில் அணுகினார். 1874 இல் வெளிவந்த அவரது 'பார் புரொம் த மாடிங் குரவுட்' நாவலில், பண்ணைக்குரிய பத்சீபா என்னும் பெண்ணைக் கேப்ரியல் ஓக் என்னும் இடையன் தொடக்கத்திலேயே மணங்கேட்டு மறுக்கப்படுகின்றான். தன் ஆடுகளையெல்லாம் இழந்தபின் அவளுடைய பண்ணையிலேயே வேலைக்கமர்கின்றான். நெருப்பிலிருந்து அவள் தானியப் போர்களைக் காக்கின்றான்; இடிமழை இரவிலே போர்களை மூடும்போது அவளும் பக்கத்தில் நின்று உழைக்கின்றாள். கவர்ச்சிமிக்க ஒரு படைவீரனை மணந்து அவள் அல்லற்பட்டபின், கதையின் முடிவிலே இருவரும் ஒன்றுசேர்கின்றனர். ஆணும் பெண்ணும் பெரும்பாலும் இன்பப் பொழுதுகளில் மட்டுமே சந்திக்கின்றனர், உழைப்பிலே சந்திப்பதில்லை. ஆகையாற்றான் தோழமை அவர்களிடையே அரிதாக இருக்கின்றது என்று ஹார்டி அங்கே காரணங்காட்டுகின்றார். ஒருவரையொருவர் முதலிற் கரடுமுரடான பக்கத்தில் அறிந்து, பின்னரே இனிய பக்கத்தை அறிந்தவர்களின் அன்பே நின்று நிலைக்கும் என்பது அவர் கருத்து.

ஹார்டி கூறியது வெறும் ஒழுக்க உபதேசமன்று. ஒரு சமுதாய உண்மை. ஆணும் பெண்ணும் ஒன்றாகக் கற்கும் இடமும் ஒன்றாக உழைக்கும் இடமும் தோன்றினாலன்றி நட்புக் கதைகள் பெருகா. அவ்விடங்கள் அக்காலத்திலேயே தோன்றத் தொடங்கின. இலண்டன் பல்கலைக்கழகம் 1878 இல் பெண்களைப் பட்டங்களுக்கு ஏற்றது. ஒக்ஸ்போர்ட் 1920 இலும் கேம்பிரிட்ஜ் 1948 இலுமே பெண்களுக்கு முழுப் பட்டம் வழங்கின.

இம்மாற்றத்தின் நிழல் நாவல்களில் விழுந்தது. கனடா நாட்டு மொன்ட்கொமெரி அம்மையார் 1908 இல் வெளியிட்ட 'ஆன் ஒப் கிறீன் கேபிள்ஸ்' நாவலில், கில்பேட் என்னும் மாணவன் ஆன் என்னும் சிறுமியின் செந்நிறக் கூந்தலைக் கேலி செய்ய, அவள் தன் கற்பலகையை அவன் தலையிலே அடித்து உடைக்கின்றாள். ஆண்டுக்கணக்காக இருவரும் பரீட்சைகளிற் போட்டியிடுகின்றனர். இறுதியில், அவள் தன் வளர்ப்புத்தாய்க்கு அருகில் இருக்கவேண்டுமென்று தனக்குக் கிடைத்த ஆசிரியப் பதவியை அவன் விட்டுக்கொடுக்கின்றான். அங்கே நட்பு மலர்கின்றது. 1915 இல் வந்த தொடர்நாவலில், கல்லூரியிலே அவன் தன் காதலைச் சொல்ல அவள் மறுக்கின்றாள். கனவிற் கண்ட காதலன்போன்ற ஒருவன் மழையில் குடையோடு வந்து வாய்க்கின்றான். அவன் மணங்கேட்கும்போதோ மனம் ஒப்பவில்லை. கில்பேட் நச்சுக்காய்ச்சலால் உயிருக்குப் போராடுகின்றான் என்று கேட்ட இரவிலேதான் தன் உள்ளம் எங்கே இருந்ததென்பதை ஆன் அறிகின்றாள். கண்ணைப் பறிக்கும் கனவினும் பழகிய முகமே பெரிதென்பதை அவள் அறிவதற்கு ஒரு நாவல் முழுவதும் வேண்டியிருந்தது.

1920 இல் ஒக்ஸ்போர்ட் முதன்முதலாகப் பட்டமளித்த பெண்களுள் டொரதி சேயர்ஸ் ஒருவர். அவர் 1930 இல் எழுதிய துப்பறியும் நாவலில், கொலைக்குற்றஞ் சாட்டப்பட்ட ஹரியெட் வேன் என்னும் எழுத்தாளரைப் பீற்றர் விம்சி என்னும் பிரபு காப்பாற்றி மணங்கேட்கின்றார். அவள் மறுக்கின்றாள். உயிர்தந்தவருக்குப் பட்ட நன்றி இருவரையும் சமமாக நிற்கவிடாது என்பதே அவள் மனத்தடை. 1935 இல் வந்த 'கோடி நைட்' நாவலிலே, ஒக்ஸ்போர்ட் மகளிர் கல்லூரி ஒன்றில் நிகழும் மருமத்தை அவள் ஆராய்கின்றாள். விம்சி உதவுகின்றார், ஆயின் ஆபத்திலிருந்து அவளை ஒதுக்கி வைக்க முயலவில்லை. அவள் தன் வேலையைத் தானே செய்யும் உரிமையை மதிக்கின்றார். அதன்பின்னரே, பட்டதாரிகளின் அங்கி அணிந்த நிலையில், ஒருவர் இலத்தீன் மொழியிற் கேட்க மற்றவர் இலத்தீனிலேயே இசைவு தெரிவிக்கின்றார். நன்றி தீர்ந்து நட்பு வந்தபின் வந்த இசைவு அது.

இவற்றுக்கு மாறான கதைகளும் ஓயவில்லை. 1908 இல் இலண்டனில் தொடங்கப்பட்ட மில்ஸ் அன்ட் பூன் நிறுவனமும், 1949 இல் கனடாவில் தொடங்கப்பட்டு 1971 இல் அதனை வாங்கிய ஹார்லெக்வின் நிறுவனமும் காதல் நாவலைப் பெருந்தொழிலாக்கின. அவற்றின் நூல்களிற் பலவகை உண்டு. எனினும் செல்வமும் அதிகாரமும் மிக்க ஆடவன், அவன் முன் தடுமாறும் எளிய பெண் என்னும் பமேலாவின் பழைய அமைப்பு அவற்றுள் நெடுங்காலம் ஓங்கி நின்றது. நட்புக் கதை அதற்கு எதிர்ப்பக்கத்தில் மெல்ல மெல்ல வளர்ந்தது.

20 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது முன்வரிசைக்கு வந்தது. நோரா எப்ரன் கதைவசனம் எழுதி 1989 இல் வெளிவந்த 'வென் ஹரி மெற் சாலி' திரைப்படம், ஆணும் பெண்ணும் வெறும் நண்பராயிருத்தல் கூடுமா என்னும் வினாவை நேரடியாகவே எழுப்பியது. அதன் நாயகனும் நாயகியும் நண்பராகவே பிரிவதாகத்தான் முதலில் முடிவு அமைக்கப்பட்டிருந்தது. பின்னரே அது திருமணமாக மாற்றப்பட்டது. அல்கொட்டுக்கும் அவர் வாசகிகளுக்கும் இடையே நடந்த வழக்கு, 120 ஆண்டு கழித்து ஒரே படத்தைத் தயாரித்தோர் மனத்தினுள்ளேயே நடந்தது எனலாம்.

டேவிட் நிக்கொல்ஸ் எழுதிய 'வன் டே' 2009 இல் வெளிவந்தது. 1988 ஜூலை 15 ஆந் திகதி, எடின்பரோவிலே பட்டம் பெற்ற நாளில், எம்மாவும் டெக்ஸ்டரும் சந்திக்கின்றனர். அடுத்துவரும் ஒவ்வோராண்டிலும் அதே நாளில் அவர்கள் எங்கே எவ்வாறிருக்கின்றனர் என்று நாவல் காட்டிச் செல்கின்றது. நட்பு வளர்கின்றது, முறிகின்றது, மீள்கின்றது. பல்லாண்டு வீணே கழிந்தபின் இருவரும் ஒன்றுகூடுகின்றனர். சில ஆண்டுகளிலேயே எம்மா வீதி விபத்தில் இறக்கின்றாள். சொல்லாது விட்ட காலத்தின் விலையை அந்நாவல் அளந்து காட்டுகின்றது. 2018 இல் வெளிவந்த சாலி ரூனியின் 'நோர்மல் பீப்பிள்' அயர்லாந்தில் நிகழ்வது. செல்வக்குடும்பத்து மரியனின் வீட்டைச் சுத்தஞ் செய்யும் பெண்ணின் மகன் கொனல். பள்ளியிலே அவன் செல்வாக்குள்ளவன், அவள் ஒதுக்கப்பட்டவள். டப்ளின் பல்கலைக்கழகத்திலோ நிலைமை தலைகீழாகின்றது. சட்டம் சமமாக்கிய பின்னும், பணமும் வர்க்கமும் மதிப்பும் இரு நண்பரிடையே எவ்வாறு தராசுத் தட்டுகளை ஏற்றி இறக்குகின்றன என்பது அதன் பொருள். 2021 இல் எமிலி ஹென்றி எழுதிய நாவலொன்றில் பொப்பியும் அலெக்சும் ஆண்டுதோறும் கோடையிலே சேர்ந்து பயணஞ் செய்யும் நண்பர்கள். ஒரு பயணத்தில் நேர்ந்த நெருக்கம் இரண்டாண்டு மௌனத்தை விளைக்கின்றது. இங்கே தந்தையுமில்லை, சட்டமுமில்லை. இழந்துவிடுவோமோ என்னும் அச்சம் மட்டுமே உண்டு.

பழைய கதைகளையும் புதியவற்றையும் ஒப்பிடும்போது தடையின் இடமாற்றம் தெளிவாகின்றது. பமேலாவின் காலத்தில் தடை வெளியே இருந்தது: நிலை, சொத்து, சட்டம். அத்தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தபோது அது உள்ளத்தினுள்ளே புகுந்தது. இரண்டு நூற்றாண்டுப் போராட்டத்தால் ஆணும் பெண்ணும் நண்பராதல் எளிதாயிற்று. நட்பு எளிதானபோது அது விலைமதிப்பற்றதாகவும் ஆயிற்று. விலைமதிப்பற்றதைப் பணயம் வைக்க எவரும் தயங்குவர். எம்மாவின் தோட்டத்திலே நைட்லி தடுமாறிய அதே இடத்தில் இன்றைய நாயகரும் நாயகியரும் நின்று தடுமாறுவது இதனாலேயே.

இக்கதைகளை எளிய பொழுதுபோக்கென ஒதுக்குவார் ஒருண்மையை மறந்துவிடுகின்றனர். பெண் நட்புக்குத் தகுதியற்றவள் என்று மொன்டேன் எழுதிய காலத்தில் அதனை மறுத்துரைக்க ஒரு நாவலும் இருக்கவில்லை. இன்று கோடிக்கணக்கான வாசகர்கள், வாழ்க்கைத் துணையாக வருபவர் உரையாடத்தக்கவராகவும், குற்றங்கண்டவிடத்து இடித்துரைப்பவராகவும், தம் வேலையை மதிப்பவராகவும் இருத்தல் வேண்டும் என்று இயல்பாகவே எதிர்பார்க்கின்றனர். அந்த எதிர்பார்ப்பை வளர்த்தவற்றுள் சட்டமன்ற விவாதங்களோடு இந்நாவல்களுக்கும் பங்குண்டு. அதனுடன், நண்பனை இழக்க விரும்பாது கண்ணீரோடு மறுத்த ஜோவையும் நினைவிற் கொள்ளுதல் நன்று. மணத்தில் முடியாத நட்பும் நிறைவான நட்பே என்று சொல்லும் துணிவு அவளை ஆக்கிய ஆசிரியைக்கு இருந்தது.